ஜூலை மாதக் கணக்கு

மூன்று போர்வை குறைகிறது.
மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர்.
சோள மாவு ஒரு மூட்டை;
பாதியை எலி தின்றதாக
சகோதரி மாலெஃபு சொல்கிறாள்.
அந்த எலிக்கு ஆறு பிள்ளைகள்,
ஆற்றுக்கு அக்கரையில் வீடு,
கணவன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்து
இருமலோடு திரும்பியவன் என்பது
எனக்கும் தெரியும்.

லெசோத்தோவின் இந்த மலையில்
கன்னியர் நாங்கள் நால்வர்.
பேரேடு எழுதுபவள் நான், அல்ஃபோன்சினா.
ஏழ்மைக்கென்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு
அந்த ஏழ்மைக்கே வரவுசெலவு எழுதும் வேலை
யாருக்கு வாய்க்கும்!
மாலைப்புகழ் முடிந்ததும்
விரலில் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுவேன்.
அடுப்படியில் அவள் சிரிப்பது கேட்கும்.

சென்ற வியாழன் பனி கொட்டியது.
மொக்கேத்திக்குக் காசநோய் மாத்திரை
தீர்ந்திருக்கும்.
"துணைக்கு வா" என்றாள்.
இருந்தது ஒரே மட்டக்குதிரை.
நாங்கள் நடந்தோம்,
மருந்துப்பெட்டி சவாரி செய்தது.
ஆற்றில் குதிரை முரண்டு பிடிக்க
கடிவாள வார் அறுந்தது.
இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள் மாலெஃபு.
மூன்று முடிச்சோடும் அதன் கழுத்தில் கட்டி
இழுத்தாள்.
நடு முடிச்சு நெகிழ்ந்து அவிழ்ந்தது.
"எந்த வார்த்தைப்பாடு அது?" என்று கத்தினேன்.
"குதிரையைக் கேள்" என்றாள்,
முழங்கால்வரை பனித்தண்ணீரில்.

மொக்கேத்தியை எனக்குப் பிடிக்காது.
எங்கள் செம்மறி இரண்டைப்
போன வருடம் ஓட்டிப்போனவன்.
கேட்டால்,
"வழி தவறி வந்ததுகள், பாவம்" என்பான்.
குடிசைக்குள் புகை, வறட்டி எரியும் நெடி.
மாத்திரையை வாங்கிக்கொண்டு
"சகோதரி, நகம்" என்றான்,
கம்பளிக்கு வெளியே காலை நீட்டி.
கொம்புபோல் வளைந்து
சதைக்குள் இறங்கிய நகம்.

விளக்கை நான் பிடித்தேன்.
அவள் தரையில் உட்கார்ந்து
அந்தக் காலை மடியில் வாங்கிக்கொண்டாள்.
வெந்நீர், உப்பு,
ஆட்டு மயிர் வெட்டும் கத்தரி.
ஒளி எதுவும் தோன்றவில்லை.
ஐந்து காயம் பெற்ற அசிசிக்காரர்
நினைவுக்கும் வரவில்லை.
நகம் தெறித்து என் கன்னத்தில் பட்டது.
அருவருத்துத் துடைத்தேன்.
மொக்கேத்தி தூங்கிவிட்டான், வாய் திறந்து,
வலிக்கிற இடம்
வேறொருவர் மடியில் இருந்ததால்.

மூலையில் ஒரு செம்மறித் தோல்,
மடத்துச் சிவப்பு மை இன்னும் அழியாமல்.
அதன்மேல் அவன் கடைக்குட்டி.
நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.
தொட்டுப் பார்த்து,
"கதகதப்பாகத்தான் இருக்கிறது" என்றாள்.
"மேலே போர்த்தத்தான் ஒன்றுமில்லை."

திரும்பும் வழியில்
ஆறு தாண்டிய பிறகுதான் குளிர் உறைத்தது.
என் தோளில் போர்வை இல்லை.

இரவு, பேரேடு.
மூன்று என்பதை அடித்து நான்கு என்று திருத்தினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.
எலி, என்று எழுதினேன்.