ஐந்தாம் அடுக்கு

உலான்பாதர், ஜனவரி. பணிமனைக் கண்ணாடிக் கூண்டில்
இரவுக் கணக்கை முடித்துவிட்டு டேப்லெட்டைத் திறக்கிறேன்.
வரையத் தொடங்கி ஒன்பது நாள்.

அடியில் சாலை. அதன்மேல் பேருந்து,
எண் முப்பத்திரண்டு, விலாவில் துரு.
எல்லாவற்றுக்கும் மேலே ஐந்தாம் அடுக்கு, பனி:
விரல் மரத்துப்போகும்வரை வைத்த
வெறும் வெள்ளைப் புள்ளிகள்.

அடுக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்.
தொட்டால் மூடிக்கொள்ளும்.
தொட்டேன். ஊரில் பனி நின்றது.
கூடவே
ஓட்டுநர் தோர்ஜ்சுரேனின் முகமும் போயிற்று.
தொப்பி இருக்கிறது, ஸ்டீயரிங்கில் கை இருக்கிறது,
நடுவில் இருக்கையின் பச்சை ரெக்சின்.

எந்த அடுக்கில் நிற்கிறேன் என்று பாராமல்
மீசைவரை வரைந்து தொலைத்திருக்கிறேன்.

பனியைத் திறந்தால் வருகிறார்.
மூடினால் ஆளில்லாத வண்டி.
பிரித்தெடுக்கச் சுருக்குக் கயிறு ஒன்று உண்டாம்,
வளைத்துப் பிடித்து வேறு அடுக்கில் விடலாமாம்.
அண்ணன் அப்படித்தான் குதிரை பிடிப்பான்.
நான் அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.

ஐந்தரை மணி. வெளியே நிஜமான முப்பத்திரண்டு
உறுமிக்கொண்டு நிற்கிறது, கண்ணாடி முழுக்க உறைபனி.
உள்ளிருந்து யாரோ அட்டையால் சுரண்டுகிறார்கள்.

முதலில் ஒரு கண்.
மீசை வரக் கொஞ்ச நேரமாகும்.