ஏழாவது தட்டு

சிலிம் ரிவரில், பழைய மானேஜர் பங்களாவில்
பிரெஞ்சுச் சாப்பாடு. ஒன்பது தட்டு, ஐந்து வைன்.
மில் முதலாளி கொடுத்த வவுச்சர்;
வக்கீல் கடிதத்தைப் பேச நல்ல இடம் என்றார் குமரேசன்.

பேச எங்கே விட்டார்கள்?
"வீடு யாருக்கு" என்று நான் தொடங்க
ஒரு சிப்பி வந்தது, கட்டைவிரல் அளவு,
மேலே நுரை. அதற்குப் பதவுரை, பொழிப்புரை.
"சின்னவளை" என்று அவர் தொடங்க
புறாவின் தொடை.
முதல் வைனை அவர் குடித்த முகம்
கிளினிக்கில் இருமல் மருந்து குடித்த முகம்.
பசி மட்டும் தட்டுக்குத் தட்டு வளர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே செம்பனை ஆலை
தன் புளித்த மூச்சை விட்டது.
அதற்கு யாரும் உரை சொல்லவில்லை.

ஏழாவது தட்டோடு கருஞ்சிவப்பில் ஒன்று.
ஊற்றிய பையன் கண்ணை மூடி
ஈரமண், புகையிலை, பழைய தோல் என்றான்.
முகர்ந்தேன்.
"ஒங்க லோரி சீட்டு."
எத்தனை வருசம் கழித்தோ
மூக்கு வழியாகச் சிரித்தார்,
மேசை விரிப்பெல்லாம் சிவப்பு.

கையெழுத்து இன்னும் போடவில்லை.
போடாமலும் இருக்க மாட்டேன்.
இனிப்புக்கு முன்னால் சீஸ் வரும் என்றார்கள்.
இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.