சுற்றில் பிழை

நீடாமங்கலம் கேட்டில் நின்று கிளம்பும்போதுதான்
வருகிறதாம்.
இன்ஜின் இரைய, வண்டி
ஒன்றாம் கியரிலேயே ஊர,
பின்னால் பஸ்காரன் ஹார்னிலேயே திட்டுகிறான்.
மாட்டு டாக்டர் தில்லைநாயகி
சாவியை என் மேசையில் போட்டுவிட்டு
யாருடைய பைக்கிலோ ஏறிப் போனார்.
கொரடாச்சேரிப் பக்கம் ஒரு கன்று
வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம்.

ஸ்கேனரைச் செருகினேன்.
இரண்டாவது ஷிப்ட் சோலனாய்டு, மின்சுற்றில் பிழை.
முதல் பாதியைப் படித்ததுமே
போனை எடுத்துவிட்டேன்.
'சோலனாய்டு போச்சு மேடம். பதினெட்டாயிரம்.
திருச்சியிலேர்ந்து வரணும்.'
ஒரு கேள்வி கேட்காமல் பாதியை அனுப்பினார்.

ஆயில் பானைக் கழற்றுமுன்
பழக்கதோஷத்தில் ஓர் அளவு.
பதின்மூன்று ஓம்.
பேட்டரியைத் தொட்டுக் காட்டினேன்: டிக்.
மறுபடி: டிக்.
'அப்படியா' என்று பல்லி கேட்பதுபோல.
சூட்டில் அறுகிறதோ என்று
கேட் வரை ஓட்டி, நெல் ஏற்றிய கூட்ஸ்
கடைசிப் பெட்டிவரை போகவிட்டு,
கிளம்புகையில் ஒன்றிலேயே மாட்டிக்கொண்டு,
திரும்பி வந்து கை சுட அளந்தால்
பதினைந்து.
செம்பு காய்ந்தால் அவ்வளவு ஏறும்.
அதன்மேல் குற்றமில்லை.

ஸ்கேனர் சொன்னது சுற்று.
என் காதில் விழுந்தது சோலனாய்டு.
கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால்
மதகுக்காரனை அடிக்கப் போவார்கள் எங்கள் ஊரில்;
உடைப்பு நாலு மைல் மேற்கே இருக்கும்.
நானும் சிரித்திருக்கிறேன் அவர்களைப் பார்த்து.

மீட்டரின் ஒரு முனை ஒயரில், மறுமுனை பாடியில்.
'நெம்புடா' என்றேன் சகாயத்திடம்.
கடப்பாரைக்கு இன்ஜின் ஒரு விரல்கடை சாய்ந்தது.
மீட்டர் கத்தியது.

பேட்டரித் தட்டுக்கு அடியில்
வைக்கோல், பதர்,
உமிகூட நீக்காத ஒரு கைப்பிடி சம்பா.
அறுப்பு முடிந்த வயலில் பிழைப்பில்லாமல்
களத்துமேட்டில் நின்ற காரில் குடியேறி,
போகும்போது வாடகையாக
பச்சை ஒயரின் தோலைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
பல் பட்ட இடத்தில் செம்பு பளபளத்தது.
வண்டி இழுக்கும்போதெல்லாம் அது
பிராக்கெட்டைப் போய் முத்தமிடுகிறது.

ஒரு சாண் ஒயர், கொஞ்சம் ஈயம்.
நாற்பது ரூபாய் என்றால் அதிகம்.
என் போனில் ஒன்பதாயிரம்.
நாளை ஐந்தாம் தேதி, கடை வாடகை.
சகாயம் என்னைப் பார்க்காமல்
ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை.

இரண்டாவது முறைதான் எடுத்தார், மூச்சு வாங்க.
'கன்னு வந்துடுச்சு. உசுரோட.
சொல்லுங்க, பார்ட்டு வந்துதா?'
அந்தப் பக்கம் மாடு நீளமாகக் கத்தியது.

'எலி, மேடம்' என்றேன்.