பதினாலாம் கட்டில்

உவரிக்குத் தெற்கே, செம்மண் தேரி முடிகிற இடத்தில்
பனைகளை வெட்டாமல் சுற்றிச் சுவரெழுப்பிய விடுதி.
வாசலில் சுருட்டிய ஈரத்துண்டு தந்தார்கள், சில்லென்று.
முகம் துடைக்கவா கை துடைக்கவா தெரியாமல்
மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.
பின்னால் வந்தவர் கழுத்தைத் துடைத்துத் தட்டில் போட்டார்.
அறை போய்ச் சேரும்வரை
பை சொட்டிக்கொண்டே வந்தது.

வார்டில் என்னோடு நிற்கிற பதினோரு பேர்
மாதம் நூறு நூறாய்ச் சேர்த்து
என் ஐம்பதுக்கு வாங்கித் தந்த இரண்டு இரவு.
'ஏக்கா, சும்மா கெடந்துட்டு வாங்க' என்றாள் முத்துப்பேச்சி.
சும்மா கிடப்பது எப்படி என்று
அவளும் சொல்லவில்லை.

கட்டில் விரிப்பைத்தான் முதலில் பார்த்தேன்.
மூலை மடிப்பு சரியில்லை.
உருவி, இழுத்து, சாய்வாய் மடித்துச் செருகினேன்.
அப்புறம்தான் உட்கார மனசு வந்தது.

கடலில் இறங்கக்கூடாதாம்.
'இழுப்பு அதிகம்' என்று சிவப்பில் ஒரு பலகை.
அதனால் கடலைப் பார்த்தபடி
நீலக்கல் பதித்து ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள்.
தண்ணி ஏது என்று காவலாளியிடம் கேட்டேன்.
'ஆத்துத் தண்ணிம்மா. சீவலப்பேரிப் பக்கமிருந்து
தெனம் ஏழு லாரி.'
பஸ்ஸேறி நான் விட்டுவிட்டு வந்த ஆறு
எனக்கு முன்னாலேயே வந்து
கால்நீட்டிக் கிடக்கிறது.
இறங்கி முழங்கால்வரை நனைத்தேன்.
குளோரின் வாடை.
அது என்னைத் தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு மசாஜ்.
ஷெரின் கித்தேரி, கூடுதாழைக்காரி.
சட்டையில் குத்திய பித்தளைப் பட்டையில்
ஷெரின் மட்டும்தான் இருந்தாள்.
'எல்லாத்தையும் கழட்டிட்டு இத உடுத்துக்கிடுங்க'
என்று காகிதத் துணி நீட்டினாள்.
இருபத்தேழு வருஷமாய் நான் சொல்கிற வாசகம்.
கண்ணைச் சன்னலில் வைத்துக்கொண்டு சொல்கிற
அந்தப் பழக்கமும் அப்படியே.

குப்புறப் படுத்தால் முகத்துக்கு ஒரு ஓட்டை.
அதன் வழியே தரையில் ஒரு வெண்கலச் சட்டி,
மிதக்கிற ஒற்றைச் செம்பருத்தி, அவள் பாதங்கள்.
இடதுகாலை ஊன்றாமல் நின்றாள்.
நாளெல்லாம் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், உட்காரு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஓட்டைக்குள் குரல் போகவில்லை.

எண்ணெய் சூடு போதுமாக்கா?
போதும்.
வலத்தோளில் அவள் பெருவிரல் நின்றது.
என்ன தூக்குவீங்க?
ஆளுங்கள, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
'எங்கம்மைக்கும் இதே எடத்துலதான். ஐஸ் பெட்டி.'

பிறகு ஒன்றுமில்லை.

விழித்தபோது பன்னிரண்டடிக்க மூன்று நிமிஷம்.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாயில்
முக்கால்வாசியை நான் பார்க்கவே இல்லை.
பஸ்ஸில் பர்ஸைத் தவறவிட்டவள் போல எழுந்து உட்கார்ந்து
'நான் தூங்கையில நீ என்ன செஞ்ச?' என்றேன்.

'முதுகு முடிச்சேன். காலு முடிச்சேன்.
நேரம் கெடந்துச்சு, பாதத்த இன்னொருக்கா.'
துண்டை மடித்தபடி, கொஞ்சம் தயங்கி:
'பேசுனீங்கக்கா.
பதினாலுல டிரிப் முடியப்போவுது, பாருன்னு.
ரெண்டு தடவ.'

'நீ என்ன சொன்ன?'

'பாத்துட்டேங்க்கா, மாத்திட்டேன்னு சொன்னேன்.
அதுக்குப் பெறவுதான் நல்லாத் தூங்குனீய.'

சாயங்காலம் காற்று திரும்பி
மதிலுக்கு அப்பாலிருந்து கருவாட்டு வாசம் வந்தது.
வெள்ளைச் சட்டைப் பையன் ஒருவன் ஓடிவந்து
மேசைமேசையாய் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஏற்றினான்.
எனக்கு வேண்டாம் என்றேன்.
பசித்தது, வெகுநாளைக்குப் பிறகு, ஒழுங்காக.

அறைக்கு வந்தால்
யாரோ விரிப்பை உருவித்
தங்கள் வழக்கப்படி மறுபடி மடித்திருக்கிறார்கள்.
மூலை சரியில்லை.

படுத்துக்கொண்டேன்.