இரண்டு விஞ்சு

சாளை கரைக்கு வந்த ஜூலைக் காலை, இசிப்பிங்கோ.
மீன்பெட்டி நிறைந்த
கனகம் படையாச்சியின் பக்கி
ஈரமணலில் அச்சுவரை இறங்கியிருந்தது.
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.

துறைமுகத்தில் என் மச்சான் ஓட்டும் விஞ்சு
கப்பலையே இழுத்துக் கட்டும்.
சுரங்கத்தில் ஒன்று ஆளை இறக்கும், சில நாள்
ஏற்றவும் செய்யும்.
என் லாரி முதுகில் இருப்பது சின்னது:
கவிழ்ந்த டாக்ஸி,
சாக்கடையில் விழுந்த பென்ஸ்,
ஒருமுறை ஒரு மாடு.

கொக்கி மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.
உருளை முனகியது. வடம் விறைத்தது.
பக்கி அசையவில்லை.
என் லாரி அசைந்தது,
கைப்பிரேக் போட்டபடியே
சாண் சாணாய்க் கடலை நோக்கி.

விஞ்சுக்கு என்ன?
வடம் சுருண்டால் சரி.
எந்த முனை எந்த முனையிடம் வருகிறதென்று
அது பார்ப்பதில்லை.

அப்போதுதான் வந்தான் லின்டானி.
போன வெள்ளி, நெடுஞ்சாலையில்,
முதலில் கொக்கி போட்டது யாரென்று
என் சட்டையைப் பிடித்தவன்.
ஒன்றும் பேசவில்லை.
மேட்டுச் சிமென்ட் தரையில் தன் லாரியை நிறுத்தி
தன் கொக்கியை
என் லாரியின் பின்புறம் மாட்டினான்.

அலை பக்கியின் கதவைத் தட்டியது.
"இழுங்கடா!" என்றாள் கனகம்,
இரண்டு பேரையும் பார்த்து.

விஞ்சு என்றால் தமிழில் முந்து, மேலே போ.
அந்தக் கால்மணி நேரம்
யாரும் யாரையும் விஞ்சவில்லை.
முன்னால் மீன், பின்னால் பகையாளி,
நடுவில் நான்,
இரண்டு வடமும் ஒரே குரலில் முறுகின.

கூலியாக இரண்டு பெட்டி சாளை தந்தாள்.
பெரிய பெட்டியை
அவன் எடுத்துக்கொண்டான்.