இரண்டாம் கிளாரினெட்

பெரம்பூர் ரயில்வே மன்றத்தில் மின்விசிறி நான்கு.
சுற்றுவது இரண்டு.
அதற்குக் கீழே இங்கிலாந்து.

வழக்கமாக ஊதுகிறவருக்கு டெங்கு.
பேண்டு செட்டில் ஒருத்தன் இருக்கான், நோட்ஸ் படிப்பான் என்று
யாரோ சொல்லி, புளியந்தோப்பிலிருந்து
என்னைக் கூட்டிவந்தார்கள்.
சட்டைக் காலரில் நேற்றைய ரோஜா இதழ்.
யார் மாலையிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

குச்சியோடு நின்ற டெஸ்மண்டைக்
கண்டக்டர் என்கிறார்கள்.
விசில் இல்லை. சில்லறைப் பை இல்லை.
"கண்ணை மூடுங்க. விடியக்காலம். ஒரு குன்று.
பனி மெல்ல விலகுது. கீழே ஆடுங்க."

ஆடு எனக்குத் தெரியும்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஆடுதொட்டி வாசலில்
இரட்டைத் தட்டு லாரியில் வந்து இறங்கும்,
முதுகில் நீலச் சாயம்,
ஒன்றின் கழுத்தில் இன்னொன்றின் மூச்சு.
அவை எந்தச் சுருதியில் கத்தும் என்று
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மெட்டு ஒரு உழவனுடையதாம்.
சாராயக் கடையில் பாடினானாம்.
பக்கத்து மேசையில் ஒரு துரை
பென்சிலால் பிடித்துக்கொண்டாராம்.
அட்டையில் துரையின் பெயர், தங்க எழுத்தில்.
சாராயத்துக்கு யார் காசு கொடுத்தது என்று
உள்ளேயும் போடவில்லை.

என் தாளில் முதல் வரி ஒரு தடித்த கோடு.
தலையில் 47.
நாற்பத்தேழு பார் ஊதாமல் உட்கார வேண்டும்,
எண்ணிக்கொண்டு.

எங்கள் தொழிலில் அப்படி இடமில்லை.
வீட்டு வாசலிலிருந்து ஓட்டேரி சுடுகாடு வரை
நிறுத்தினால் அழுகை கேட்டுவிடும்.
கேட்காமலிருக்கத்தான் காசு.

கச்சேரியன்று
முப்பத்தொன்றில் ஒரு வயலின் தனியே மேலேறியது.
முப்பத்தாறில் வெளியே வேகன் கோத்தார்கள்.
நாற்பத்தெட்டில் நான்.
நாலே சுரம்,
மேய்ச்சல் நிலத்தில் கேட் திறக்கிற மாதிரி வேண்டும் என்றிருந்தார்.
கேட் என்றால் எனக்குக் கொருக்குப்பேட்டை கேட்.
அது திறக்காது.
சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றிக் காத்திருந்தபடி ஊதினேன்.
டெஸ்மண்டின் குச்சி அரைநொடி நின்றது.
பிறகு தலையாட்டினார்.

ஒரு சால்வை. இரண்டு சமோசா.

செவ்வாய்க்கிழமை பட்டாளத்தில் சாவு.
ஹார்பரில் லோடு சரிந்து போன பையன், இருபத்தாறு வயது.
டெமெல்லோஸ் ரோடு திருப்பத்தில்
கிளாரினெட் தானாக உதட்டை விட்டு இறங்கியது.
டிரம்பெட்டும் என்னைப் பார்த்து இறக்கினான்.
டிரம் அடித்த ஜெயசீலன் கையை நிறுத்தித் திரும்பினான்:
"இன்னாணா, மூச்சு போச்சா?"
"எண்ணிக்கினுகீறேன்."

அந்த இடைவெளியில் பையனின் அம்மா
ரோட்டுக்கே கேட்டாள்.
ஓர் ஆட்டோ எஞ்சினை அணைத்தது.
மாடியில் துணி உலர்த்தியவள் கிளிப்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

நான் நுழைய வேண்டிய பார்
எப்போதோ தாண்டிப் போயிருந்தது.