கழிவு

ஆறரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
தெற்காவணி மூல வீதியின் ஹாரன்
முழங்கால் உயரத்துக்கு மட்டும் உள்ளே வரும்.
பகலெல்லாம் அடுத்தவர் கழுத்தை நிறுத்த தராசு
இனி ஒரு மணி நேரம் எனக்கு.

அடகுப் பேரேட்டிலிருந்து தலை தூக்காமல்
தெய்வசிகாமணி கேட்பார்:
"பித்தளைக்கா இம்புட்டு நுணுக்கம்?"

பித்தளைக்குத்தான்.
நூறு வெற்றுத் தோட்டாக்கூடு.
அடியில் ஒரே முத்திரை,
ஒரே ஆலை, ஒரே ஈடு என்று சொல்லிக் கொடுத்தார்
கிளப் செயலாளர் அருள்ராயன்.
ஒரே நாளில் பிறந்தால்
ஒன்றாகிவிடுமா என்ன.

போன ஞாயிறு புளி கரைத்து ஊறப்போட்டேன்,
குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளி.
கரி கழன்று தண்ணீர் கறுத்தது.
மொட்டைமாடி முறத்தில் காயவைத்தால்
காக்கை ஒன்று கொத்தித் தூக்கி
தானியமில்லை என்று போட்டுவிட்டுப் போனது.
மூன்று தடவை எண்ணினேன்.
பதிவேட்டில் நூறுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்,
காக்கை இல்லை.

எடை கூடினால் சுவர் தடிமன் என்று பொருள்.
வெளியே எல்லாம் ஒரே அளவு.
உள்ளேதான் இடம் குறையும்.
இடம் குறைந்தால் அதே மருந்துக்கு
வேறொரு கோபம் வரும்.
யானைமலை பார்த்த மைதானத்தில்
முந்நூறு மீட்டர் தள்ளி
அந்தக் கோபம் இரண்டு விரல்
மேலே போய் விழும்.

பதினொன்று புள்ளி ஒன்று இந்தக் கிண்ணம்.
புள்ளி இரண்டு அந்தக் கிண்ணம்.
நடுவில் ஊசலாடுவதெல்லாம் டப்பாவுக்கு.

அடிபட அடிபட இறுகும் உலோகம் இது.
கழுத்தை மட்டும் தீயில் காட்ட வேண்டும்,
அடிப்பாகம் தண்ணீரில் நிற்க.
இளக வேண்டியது வாய்,
இளகவே கூடாதது அடி.
மாமியார் காதில் விழுந்தால்
தன்னைத்தான் சொல்கிறேன் என்பாள்.

கடைசியாகக் கம்பி.
முனை வளைத்து உள்ளே விட்டு
அடியிலிருந்து மேலே இழுப்பேன்.
வழுக்கி வந்தால் சரி.
பட்டுச்சேலையில் நகம் மாட்டுகிற மாதிரி
எங்காவது தட்டினால்
அங்கே கோடு ஓடுகிறது,
கண்ணுக்கு இன்னும் வராத கோடு.

(மத்தியானம் ஆண்டாள்புரத்துப் பெண்ணொருத்தி
ஒற்றை வளையல் வைத்தாள்.
அரக்குக்குக் கழிவு என்றேன்.
உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்றாள்.
மேசையில் தட்டிக் காட்டினேன்.
சத்தம் செத்திருந்தது.
மறு பேச்சில்லாமல் ரசீதை மடித்துக்கொண்டாள்.)

ஒரு கூட்டில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு.
தை மாதப் போட்டியில், கடைசிக் குண்டில்,
எனக்குப் பத்து வாங்கித் தந்தது.
எடை அச்சாகப் பதினொன்று புள்ளி இரண்டு.
கம்பி விட்டேன்.
தட்டியது.
கம்பிதான் கோணல் என்று
வேறு கம்பி வளைத்தேன்.
அதே இடம்.

ஜெசிந்தா போனில் சொன்னாள்:
"இன்னொரு தடவை தாங்கும்டி, ராசியானது."
அந்த இன்னொரு தடவைக்கும்
என் வலக்கண்ணுக்கும் நடுவே
ஒரு சாண்கூட இல்லை.

குறடெடுத்து வாயை நசுக்கினேன்.
இளகிய கழுத்து, சுலபமாய்ப் படிந்தது.

எதற்கென்று தெரியவில்லை,
திரும்பத் தராசில் வைத்தேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.

"விளக்கை அணைக்கவா?" என்றார் தெய்வசிகாமணி.
இருங்கள்,
எழுபத்து மூன்றை
எழுபத்து இரண்டென்று திருத்த வேண்டும்.